தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 என்பது மக்கள் உண்ணும் உணவு, குடிக்கும் நீர், வாழும் வீடு, சுற்றுப்புறம் ஆகியவற்றின் தூய்மையைக் காக்கும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்த சட்டமாகும். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1939 ஆம் ஆண்டு நிறைவேறிய இது, சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் வழங்கியது. இந்தியாவில் பொதுச் சுகாதாரத்துக்கென முழுமையாக இயற்றப்பட்ட முதல் சட்டமாக இது கருதப்படுகிறது. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

உணவுக்கடையையும் குடியிருப்பையும் ஒரே அலுவலரின் பார்வையில் வைத்தது இச்சட்டத்தின் சிறப்பியல்பு ஆகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பல சட்டங்களும் வாரியங்களும் இவ்விரு பொறுப்புகளையும் படிப்படியாக வெவ்வேறு துறைகளிடம் பிரித்துக் கொடுத்தன. அதன் நன்மை தீமைகளை விளங்கிக்கொள்ள இச்சட்டத்தின் உணவு, குடியிருப்பு ஆகிய இரு பகுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை அவ்விரண்டையும் முதன்மையாக விளக்குகிறது. களநிலைக்கு எடுத்துக்காட்டாகக் கள்ளக்குறிச்சி மாவட்டமும் கல்வராயன் மலையும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணம் வாந்திபேதி எனப்படும் காலரா, பெரியம்மை, மலேரியா ஆகிய நோய்களால் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டது. அக்காலத்துச் சுகாதாரப் பணி பெரும்பாலும் படைமுகாம்களையும் பெருநகரங்களையும் திருவிழா ஊர்களையும் சுற்றியே நடந்தது. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் மூலம் பொதுச் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்தது. 1922 இல் மருத்துவத் துறையிலிருந்து வேறுபட்ட பொதுச் சுகாதாரத் துறை சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்டது. நோயுற்றவருக்குச் சிகிச்சை அளிப்பது ஒரு பணி, நோய் வராமல் தடுப்பது வேறொரு பணி என்ற கருத்து இந்தப் பிரிவினைக்கு அடிப்படையாக இருந்தது.

1937 இல் இராஜாஜி தலைமையில் அமைச்சரவை பொறுப்பேற்றபோது பொதுச் சுகாதாரத் துறை அமைச்சராக இருந்தவர் மருத்துவர் டி. எஸ். எஸ். ராஜன். இந்த அமைச்சரவையின் காலத்தில்தான் இச்சட்டம் இயற்றப்பட்டது. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகியது. ஆகவே சட்டத்தின் முதல் ஆண்டுகள் போர்க்கால நெருக்கடியில் கழிந்தன.

1943 இல் அமைக்கப்பட்டு 1946 இல் அறிக்கை அளித்த போர் குழு இந்தியாவின் சுகாதார அமைப்பை முழுமையாக ஆராய்ந்தது. இங்கு 'போர்' என்பது குழுவின் தலைவர் சர் ஜோசப் போர் என்பவரின் பெயராகும், யுத்தத்தைக் குறிப்பதன்று. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் இக்குழுவில் ஓர் உறுப்பினர். நல்ல வீடு, தூய நீர், போதிய உணவு ஆகியவை இன்றி மருத்துவமனைகள் மட்டும் மக்களின் நலனைக் காக்க இயலாது என்பது இக்குழுவின் அடிப்படைக் கருத்தாகும்.

சட்டத்தின் அமைப்பு

சட்டம் பல அதிகாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் முக்கியமான பொருள்கள் வருமாறு:

* குடிநீர் வழங்கல்
* கழிவுநீர் வடிகால்
* கழிப்பிட வசதி
* தொல்லைகளை நீக்குதல்
* தொற்றுநோய்த் தடுப்பும் அறிவிப்பும்
* தாய்சேய் நலம்
* கொசு ஒழிப்பு
* கட்டடங்களின் சுகாதாரம்
* தங்கும் விடுதிகள்
* உணவுக் கட்டுப்பாடு
* சந்தைகளும் திருவிழாக்களும்
* நிதி

இவற்றுள் 'தொல்லை' என்பது சட்டக் கலைச்சொல் ஆகும். உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய நிலையில் உள்ள வீடு, குட்டை, கிணறு, குப்பைக் குவியல், தொழுவம், நெரிசலான பணியிடம் முதலியன இதில் அடங்கும். தொல்லை இருப்பதாகச் சுகாதார அலுவலர் கண்டால், அதற்குப் பொறுப்பானவருக்கு அறிவிப்பு அனுப்பி, குறித்த காலத்துக்குள் அதை நீக்கச் சொல்லலாம். அவர் செய்யத் தவறினால் உள்ளாட்சி அமைப்பே அதைச் செய்து, ஆன செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். தண்டிப்பதற்கு முன்னரே கேட்டை நீக்க வழிசெய்வது இம்முறையின் பயன் ஆகும். டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலங்களில், நீர் தேங்கும் கட்டுமான இடங்களுக்கும் நிறுவனங்களுக்கும் அறிவிப்பு அனுப்பப்படுவது இச்சட்டத்தின் கொசு ஒழிப்புப் பகுதியின் கீழேயே ஆகும்.

நிதி குறித்த அதிகாரமும் குறிப்பிடத்தக்கது. அரசு மானியம் நீங்கலான தமது வருவாயில் நகராட்சிகள் 30 விழுக்காட்டுக்குக் குறையாமலும், மாவட்டக் கழகங்கள் 12½ விழுக்காட்டுக்குக் குறையாமலும் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் எனச் சட்டம் விதித்தது. கடமையைச் சொன்னதோடு நில்லாமல், அதற்குரிய பணத்தையும் சட்டமே குறிப்பிட்டது.

களத்தில் இச்சட்டத்தை நடத்துபவர் சுகாதார ஆய்வாளர். பொதுமக்கள் வழக்கில் இவர் நெடுங்காலம் 'சானிட்டரி இன்ஸ்பெக்டர்' என்றே அழைக்கப்பட்டார். நகராட்சியில் இவர் நகர்நல அலுவலரின் கீழும், ஊரகப் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்தும் பணியாற்றுகிறார்.

உணவுத் தூய்மை

1939 ஆம் ஆண்டுச் சட்டத்தில்

உணவுக் கலப்படத்தைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1918 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இருந்தது. நெய்யில் கொழுப்பு கலப்பது, பாலில் நீர் கலப்பது போன்ற ஏமாற்றுகளே அதன் முதன்மை நோக்கு. 1939 ஆம் ஆண்டுச் சட்டம் இதனினும் வேறான ஒரு கேள்வியை எழுப்பியது. உணவு கலப்படமற்றதாக இருந்தாலும், அது சமைக்கப்படும் இடமும் கையாளும் கைகளும் தூய்மையானவையா என்பதே அக்கேள்வி.

கெட்டுப்போன உணவை விற்பது, தொற்றுநோய் உள்ளவர் உணவைத் தயாரிப்பது அல்லது கையாள்வது ஆகியவற்றை இச்சட்டம் தடை செய்தது. உணவு வைத்திருக்கும் இடங்களுக்குள் நுழைந்து சோதிக்கவும், உண்ணத் தகாதவற்றைக் கைப்பற்றி அழிக்கவும் சுகாதார அலுவலருக்கு அதிகாரம் அளித்தது.

கலப்படமும் தூய்மைக்கேடும் ஒன்றல்ல என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஆகும். கலப்படத்தை ஆய்வகம் கண்டுபிடிக்கும். தூய்மைக்கேட்டை இடத்துக்கு நேரில் சென்றவர்தான் காண முடியும். மூடாத குடிநீர்ப் பானை, பின்கட்டில் தேங்கிய சாக்கடை, கை கழுவ நீரில்லாத சமையலறை ஆகியன எந்த ஆய்வக அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

1954, 2006 ஆம் ஆண்டுச் சட்டங்கள்

நாடு முழுமைக்கும் பொதுவான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954 இல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதனால் கலப்படம் மாநிலச் சட்டத்திலிருந்து நடுவண் சட்டத்துக்கு மாறியது. எனினும் தமிழ்நாட்டில் உணவு ஆய்வாளராகச் செயல்பட்டவர் பெரும்பாலும் சுகாதார ஆய்வாளரே. 'உள்ளூர் சுகாதார அதிகாரி' என்ற பதவியையும் அச்சட்டம் ஏற்றிருந்தது. ஆகவே நடைமுறையில் உணவும் வீடும் ஒரே கையில் நீடித்தன.

2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இந்நிலையை மாற்றியது. 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஒவ்வொரு மாநிலத்திலும் உணவுப் பாதுகாப்பு ஆணையர், ஒவ்வொரு மாவட்டத்திலும் நியமன அலுவலர், அவருக்குக் கீழ் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் என்ற தனி அடுக்கு உருவானது. தமிழ்நாட்டில் உணவு ஆய்வாளர்களாக இருந்த பலர் புதிய துறைக்கு மாறினர்.

புதிய சட்டத்தின் கீழ் வந்த 2011 ஆம் ஆண்டு உரிம விதிகளின் நான்காம் அட்டவணை, உணவுத் தூய்மைக்கான நடைமுறைகளை விரிவாகக் கூறுகிறது. உணவைக் கையாள்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. குடற்காய்ச்சல் வகை நோய்களுக்கான தடுப்பூசியும் வலியுறுத்தப்படுகிறது. சூடாகப் பரிமாறும் உணவை 60 பாகை செல்சியசுக்கு மேலும், குளிர்நிலையில் வைக்கும் உணவை 5 பாகைக்குக் கீழும் வைப்பது பொதுவான நெறியாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில்தான் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது.

மாதிரி எடுக்கும் முறை

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒரு கடையில் உணவு மாதிரி எடுத்தால் அதை நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடுகிறார். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. இரு பகுதிகள் நியமன அலுவலரிடம் வைக்கப்படுகின்றன. எஞ்சிய ஒன்றை, கடைக்காரர் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை அளிக்க வேண்டும். முடிவை எதிர்த்து முறையிட விரும்பும் கடைக்காரருக்குச் சான்று அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மாதிரி இவ்வாறு பிரிக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோயம்புத்தூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. கிண்டியில் உள்ளது, 1899 இல் நிறுவப்பட்ட கிங் நிலைய வளாகத்தில் அமைந்துள்ளது. உயிருக்கு ஆபத்தான உணவு குறித்த வழக்குகள் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. தரக்குறைவு, தவறான விவரச்சீட்டு முதலியவற்றை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் விதிக்கிறார்.

குடியிருப்பு

சட்டத்தின் பார்வை

இச்சட்டம் வீட்டை ஒரு சொத்தாகப் பார்க்கவில்லை. நோய் உண்டாகும் அல்லது தடுக்கப்படும் இடமாகவே பார்த்தது. காற்றோட்டமின்மை, அளவுக்கு மீறிய நெரிசல், கழிப்பிடமின்மை, வடிகாலின்மை ஆகியவை இதன் கவனத்துக்குரியவை. காசநோய் நெரிசலான, காற்றோட்டமற்ற அறைகளில் எளிதில் பரவுகிறது. வயிற்றுப்போக்கும் குடற்காய்ச்சலும் கழிப்பிடமும் குடிநீரும் அருகருகே இருக்கும் இடங்களில் பரவுகின்றன. தங்கும் விடுதிகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் முறையும் இக்காரணத்தாலேயே சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள்

போர்க்காலத்தில் நகரங்களில் வீடு கட்டும் பணி தேங்கியது. வேலை தேடி வந்தோர் தொகை பெருகியது. வாடகை உயர்வைத் தடுக்க 1946 இல் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் நடுவணரசு 1952 இல் தொழிலாளர்களுக்கான மானிய வீட்டுத் திட்டத்தையும், 1957 இல் கிராம வீட்டுத் திட்டத்தையும் தொடங்கியது. சென்னை மாநில வீட்டு வசதி வாரியம் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது.

1970 இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் நிறுவப்பட்டது. அதற்கான சட்டம் 1971 இல் இயற்றப்பட்டது. மனிதர் வாழத் தகுதியற்ற குடியிருப்புப் பகுதியை அறிவித்து, அதை மேம்படுத்தவோ மாற்றியமைக்கவோ அச்சட்டம் வழிவகுத்தது. 1971 இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் கணக்கிடப்பட்டன. இவ்வாரியம் 2021 இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

இம்மாற்றங்களால் வீடு என்பது கட்டுமானத் துறையின் பொருளாகியது. எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்பதே வெற்றியின் அளவுகோலாயிற்று. குடியேறியபின் அவ்வீட்டில் நீர் வருகிறதா, கழிவு எங்கே செல்கிறது என்பன 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சியின் பொறுப்பாகவே தொடர்ந்தன. சென்னைக்கு வெளியே 2000 ஆம் ஆண்டு முதல் உருவான கண்ணகி நகர் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் குடிநீர், கழிவகற்றல், வேலைவாய்ப்பு ஆகியவை குறித்து நெடுங்காலம் குறைகள் எழுந்ததற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணமாகும்.

ஊரகக் கான்கிரீட் வீடுகள்

ஊரகப் பகுதிகளில் 1985 இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2010 இல் அறிவித்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதை நோக்கமாகக் கொண்டிருந்தது. 2011 இல் அதற்கு மாற்றாக 300 சதுர அடி பரப்புள்ள சூரிய சக்தி பசுமை வீடுகள் திட்டம் வந்தது. 2016 இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்த பரப்பு 25 சதுர மீட்டர். 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030 க்குள் 8 இலட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டது. வீடு ஒன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி.

பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் வரையறுக்கும் 25 சதுர மீட்டரில் தூய்மையாகச் சமைப்பதற்கான தனியிடமும் அடங்கும். உணவுத் தூய்மை வீட்டின் வரைபடத்திலேயே தொடங்குகிறது என்ற பழைய கருத்து இங்கு மீண்டும் இடம்பெறுவதைக் காணலாம்.

உணவும் வீடும் சேரும் இடம்

மலத்திலுள்ள நோய்க்கிருமி வாயை அடையும் வழிகளாகச் சுகாதாரப் பாடநூல்கள் நீர், விரல், ஈ, மண், உணவு ஆகியவற்றைக் கூறுகின்றன. இவற்றுள் உணவு இறுதிப் படியாகும். முன்னுள்ள நான்கும் வீட்டையும் தெருவையும் சார்ந்தவை. எனவே ஒரு சிற்றூரில் வயிற்றுப்போக்கு பரவினால், சுகாதார ஆய்வாளர் பின்வரும் வரிசையில் ஆராய்வது வழக்கம்:

1. நோயுற்றோர் வீடுகளைப் பட்டியலிட்டு, அவர்கள் பொதுவாக அருந்திய நீரையும் உண்ட உணவையும் கேட்டறிதல்.
2. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலும் கடைசிக் குழாயிலும் குளோரின் அளவைச் சோதித்தல். கடைசிக் குழாயில் இலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.
3. குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களில் உடைப்பு உள்ளதா எனப் பார்த்தல்.
4. தேநீர்க்கடை, உணவுக்கடை, சத்துணவுக் கூடம் ஆகியவற்றின் நீரையும் பாத்திரங்களையும் பார்வையிடுதல்.
5. தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் இடுதல்; உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் வழங்குதல்.

இவ்வரிசையில் நான்காவது உணவுப் பாதுகாப்புத் துறையையும், இரண்டாவதும் மூன்றாவதும் ஊராட்சியையும் குடிநீர் வாரியத்தையும், எஞ்சியவை பொதுச் சுகாதாரத் துறையையும் சார்ந்தவை. நோயோ ஒன்றே. ஒரு துறை கண்டறிந்ததை அடுத்த துறைக்கு அன்றே தெரிவிப்பதில்தான் இப்பணியின் வெற்றி அடங்கியுள்ளது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னரே பொதுச் சுகாதாரத் துறையின் நிருவாகத்தில் இது தனிச் சுகாதார மாவட்டமாக இருந்தது. கள்ளக்குறிச்சியில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, 2022 சனவரி 12 இல் திறந்துவைக்கப்பட்ட 11 புதிய கல்லூரிகளுள் ஒன்றாகும்.

கூவாகம் திருவிழா

உளுந்தூர்பேட்டை வட்டத்திலுள்ள கூவாகம் ஒரு சிற்றூர். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் திருநங்கைகள் உள்ளிட்ட பெருந்திரளானோர் வருகின்றனர். சில நாள்களுக்கு மட்டும் ஒரு சிற்றூரின் மக்கள் தொகை பன்மடங்காகிறது. இத்தகைய நிகழ்வுகளுக்காகவே 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தில் சந்தைகளும் திருவிழாக்களும் என்ற அதிகாரம் உள்ளது. குடிநீர், தற்காலிகக் கழிப்பிடம், குப்பையகற்றல், மருத்துவ முகாம், தற்காலிக உணவுக்கடைகளின் சோதனை ஆகியவற்றை ஒருங்கே ஏற்பாடு செய்ய அது வழிசெய்கிறது. பழங்காலத்தில் காலரா பெரும்பாலும் திருவிழாக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் பரவியதே இவ்வதிகாரம் தோன்றக் காரணமாகும்.

மரவள்ளியும் கரும்பும்

கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பகுதியிலும் மரவள்ளிக் கிழங்கு பயிரிடப்படுகிறது. இது ஆத்தூர், சேலம், சின்னசேலம் வட்டாரத்து ஆலைகளில் ஜவ்வரிசியாகிறது. இயல்பான ஜவ்வரிசி பால்வெண்மையாக இராது. சற்று மங்கிய நிறமுடையது. கண்ணைப் பறிக்கும் வெண்மையை விரும்பும் சந்தைக்காகச் சில ஆலைகள் வெளுப்பு வேதிப்பொருள்களைச் சேர்ப்பதுண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் இத்தகைய சரக்குகளைப் பறிமுதல் செய்துவருகின்றனர். இம்மாவட்டத்தில் கரும்பும் முக்கியப் பயிராகும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்தன. வெல்லத்தை மஞ்சளாகக் காட்டச் சேர்க்கப்படும் 'ஹைட்ரோஸ்' என்னும் வேதிப்பொருளால் அதில் கந்தக டைஆக்சைடு எஞ்சுகிறது. அதன் அளவு பத்து இலட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இவ்விரண்டிலும் நுகர்வோரின் நிற விருப்பமே குற்றத்துக்குத் தூண்டுதலாக அமைகிறது.

கல்வராயன் மலை

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் இது பரவியுள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலை நெடுங்காலம் சாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1976 இல் அம்முறை முடிவுக்கு வந்த பின்னரே அரசின் திட்டங்கள் முறையாக இங்கு வரத் தொடங்கின. அதாவது, 1939 ஆம் ஆண்டுச் சட்டம் சமவெளிக்கு வந்து ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குப் பின்னரே மலைக்குச் சுகாதார ஆய்வாளரின் கடமை சென்றது எனலாம். இன்று வெள்ளிமலை இப்பகுதியின் நிருவாகத் தலைமையிடமாக உள்ளது.

மலையில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. சமவெளி ஊர்களுக்கென வகுத்த அளவுகள் இங்கு அப்படியே பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, கழிப்பிடத்தின் உறிகுழி மண்ணில் நீரை இறக்கிக் கிருமிகளை வடிகட்டும் முறையில் அமைந்தது. பாறைமீது மெல்லிய மண் உள்ள சரிவில் நீர் இறங்காது; பாறைப் பிளவு வழியே வடிகட்டப்படாமல் கீழேயுள்ள ஊற்றை அடையலாம். அந்த ஊற்றே மற்றொரு குடியிருப்பின் குடிநீராக இருக்கக்கூடும். ஆகவே மலையில் வீடு, கழிப்பிடம், ஊற்று ஆகிய மூன்றின் இடத்தையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டியுள்ளது. கான்கிரீட் வீட்டுக்கான மணல், சிமெண்டு ஆகியவற்றை மலைப்பாதையில் ஏற்றிச்செல்லும் செலவும் கூடுதலாகும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60 பேருக்கு மேல் இறந்தனர். கள்ளச்சாராயம் உணவுக் கட்டுப்பாட்டின் கீழ் வராது. அது மதுவிலக்குச் சட்டத்தின் பொருளாகும். எனினும் இந்நிகழ்வுக்குப் பின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் பற்றிய கேள்விகள் அவ்வழக்கில் எழுப்பப்பட்டன.

பிற இடங்களுடன் ஒப்பீடு

இங்கிலாந்து: 1875 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளூர் மன்றங்களுக்கு வடிகால், குடிநீர், வீடு, உணவு ஆகியவற்றின் பொறுப்பை அளித்தது. ஒவ்வொரு பகுதிக்கும் இருந்த சுகாதார மருத்துவ அலுவலர் பதவி 1974 இல் நீக்கப்பட்டது. ஆனால் உணவகச் சோதனையும் வாடகை வீடுகளின் நிலையை ஆராய்தலும் இன்றும் உள்ளூர் மன்றத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவிடமே உள்ளன.

இலங்கை: 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறை பின்னர் நாடெங்கும் பரவியது. சுகாதார மருத்துவ அதிகாரியின் கீழ்ப் பணியாற்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், 1980 ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்படி உணவகங்களைச் சோதிக்கிறார். வீடுகளின் கிணறு, கழிப்பிடம், டெங்கு நுளம்பு பெருகும் இடங்கள் ஆகியவற்றையும் பார்வையிடுகிறார். 2009 இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் இந்திய அரசின் உதவியுடன் 50,000 வீடுகள் கட்டும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. இவற்றுள் 46,000 வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குரியவை. பெரும்பாலான பயனாளிகள் தலா 5,50,000 இலங்கை ரூபாய் உதவி பெற்றுத் தாமே வீடு கட்டினர். இவ்வாறு மீண்டும் குடியேறிய ஊர்களில் கைவிடப்பட்டுக் கிடந்த கிணறுகளைத் துப்புரவாக்குவதும் புதிய கழிப்பிடங்களின் அமைவிடத்தைக் கவனிப்பதும் உணவுச் சோதனையைப் போலவே இன்றியமையாத சுகாதாரப் பணிகளாகும்.

கேரளம்: பழைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்ததால் மலபாரில் 1939 ஆம் ஆண்டுச் சட்டமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தென்பகுதியில் 1955 ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சட்டம் இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி 2023 இல் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது.

பேரிடர்களில் சட்டத்தின் பயன்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்கினர். பொதுச் சமையல், நெரிசல், தற்காலிகக் கழிப்பிடம் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த அச்சூழலில் பெரும் கொள்ளைநோய் ஏதும் ஏற்படவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்கள் உடனடியாக அனுப்பப்பட்டு, நீருக்குக் குளோரின் இடுதலும் முகாம் துப்புரவும் நடைபெற்றன. தனித் துறையும் தனிச் சட்டமும் இருந்ததே இதற்குக் காரணம் என உலக வங்கி ஆய்வாளர்கள் மோனிக்கா தாஸ் குப்தா முதலியோர் பின்னர் எழுதினர். தமிழ்நாட்டு முறையைப் பிற மாநிலங்களுக்கு அவர்கள் எடுத்துக்காட்டாகவும் கூறினர்.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது இச்சட்டம் மீண்டும் பேசப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தம் செய்யப்பட்டு, முகக்கவசம் அணியாதோருக்கு 200 ரூபாயும், பொது இடத்தில் துப்புவோருக்கு 500 ரூபாயும் அந்த இடத்திலேயே அபராதமாக விதிக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது.

மதிப்பீடும் குறைகளும்

நடுவணரசு 1955 இலும் 1987 இலும் மாதிரிப் பொதுச் சுகாதாரச் சட்டங்களை மாநிலங்களுக்கு அனுப்பியும் பெரும்பாலான மாநிலங்கள் அவற்றை ஏற்கவில்லை. அந்நிலையில் தமிழ்நாட்டில் இத்தகைய சட்டம் தொடர்ந்து இருந்துவந்தது பெரும் பயன் அளித்துள்ளது. எனினும் சில குறைகள் சுட்டப்படுகின்றன.

* உணவுச் சோதனை தனித் துறையானதால் அறிவியல் முறையும் ஆய்வக வசதியும் மேம்பட்டன. ஆனால் கடையின் சமையலறையைப் பார்ப்பவர் அதன் பின்புறச் சாக்கடையின்மீது நேரடி அதிகாரம் இல்லாதவராகிவிட்டார்.
* வீட்டுத் திட்டங்கள் கட்டி முடித்த வீடுகளை எண்ணுகின்றன. குடியேறியபின் அவ்வீடுகளின் சுகாதார நிலையை எண்ணும் ஏற்பாடு அத்தகைய வலிமையுடன் இல்லை.
* சிறு கடைக்காரருக்கு உணவுப் பதிவு, தொழில் உரிமம், சுகாதாரச் சான்று என வெவ்வேறு அலுவலகங்களை அணுக வேண்டியுள்ளது.
* சட்டம் கடமைகளையும் தண்டனைகளையும் கூறும் அளவுக்கு, தூய நீரும் தூய்மையான குடியிருப்பும் பெறும் மக்களின் உரிமையைக் கூறவில்லை.

உணவையும் வீட்டையும் மீண்டும் ஒரே துறையிடம் ஒப்படைப்பது மட்டுமே தீர்வு என்று கருத வேண்டியதில்லை. ஆய்வக அறிவும் கட்டுமானத் திறனும் தனித்துறைகளுக்கு உரியவை. ஆனால் அவர்கள் காண்பவற்றை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கும் உள்ளூர் அலுவலர் ஒருவர் வேண்டும் என்பதே 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை ஏற்பாடு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* கல்வராயன் மலை
* கூவாகம்
* உணவுக் கலப்படம்
* தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்
* கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம்